வானொலித் திறன் பெருக்கிகளில் ரிலே நிலைமாற்றமும் நிலைக்குறிப்பும்

ரிலே நிலைமாற்றக் கட்டுப்பாடு என்பது, ஒரே ஆண்டெனாவைக் கொண்டு அலைகளைப் பரப்பவும் ஏற்கவும் செய்யும் வானொலி நிலையங்களில், திறன் பெருக்கியைச் சமிக்ஞைப் பாதையில் இணைக்கவும் விலக்கவும் பயன்படும் ரிலேக்களை உரிய வரிசையிலும் உரிய கால இடைவெளியிலும் இயக்கும் முறையாகும். அந்த ரிலேக்களின் தொடுமுனைகள் ஒரு குறித்த கணத்தில் உண்மையில் எந்த நிலையில் உள்ளன என்பதைக் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கோ இயக்குபவருக்கோ தெரிவிப்பது நிலைக்குறிப்பு எனப்படும். இவ்விரண்டும் ஒன்றல்ல. ரிலேயை இயங்கச் சொல்வது ஆணை. அது இயங்கிவிட்டது என அறிவது சான்று. பல பெருக்கிகளில் ஆணை மட்டுமே உண்டு, சான்று கிடையாது. தொடுமுனைகள் கருகுவதற்கும், குழல்களும் டிரான்சிஸ்டர்களும் பழுதாவதற்கும், ஏற்பியின் முன்பெருக்கி எரிந்துபோவதற்கும் உள்ள காரணங்களுள் இக்குறையும் ஒன்றாகும்.

இக்கட்டுரை பெரும்பாலும் அமெச்சூர் வானொலியில் பயன்படும் 100 முதல் 1,500 வாட் வரையிலான பெருக்கிகளை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஒலிபரப்பு நிலையங்களிலும் மருத்துவக் கருவிகளிலும் இதே கோட்பாடுகள் பொருந்தும்.

பெயர்

ரிலே என்பது சிறிய மின்னோட்டம் ஒன்றினால் மின்காந்தச் சுருளை இயக்கி, அதன்வழி வேறொரு சுற்றைத் திறக்கவோ மூடவோ செய்யும் நிலைமாற்றியாகும். தமிழில் இதனை உணர்த்தி என்றும் அழைப்பர். வானொலி நிகழ்ச்சியொன்றை வேறொரு நிலையம் பெற்று மீண்டும் ஒலிபரப்புவதை அஞ்சல் செய்தல் என்பர். அதுவும் ரிலே என்ற அதே ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்பே. எனினும் இங்கே பேசப்படுவது கருவியைப் பற்றியது, ஒலிபரப்பைப் பற்றியதன்று.

அடிப்படை அமைப்பு

அமெச்சூர் நிலையத்தில் பரப்பியும் ஏற்பியும் பொதுவாக டிரான்சீவர் என்னும் ஒரே பெட்டியில் அமைந்திருக்கும். அதற்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே திறன் பெருக்கி வைக்கப்படுகிறது. ஏற்கும் நிலையில் ஆண்டெனாவிலிருந்து வரும் வலுக்குன்றிய சமிக்ஞை, பெருக்கியைத் தொடாமல் நேராக டிரான்சீவரை அடையவேண்டும். இது புறவழி நிலை எனப்படும். பரப்பும் நிலையில் டிரான்சீவரின் வெளியீடு பெருக்கியின் உள்ளீட்டுக்கும், பெருக்கியின் வெளியீடு ஆண்டெனாவுக்கும் செல்லவேண்டும்.

ஆகவே குறைந்தது இரண்டு மாற்றுத் தொடுமுனைகள் தேவைப்படுகின்றன: ஒன்று உள்ளீட்டுப் பக்கத்தில், மற்றொன்று வெளியீட்டுப் பக்கத்தில். மூன்றாவதாக, பெருக்கும் உறுப்பின் சார்பு மின்னழுத்தத்தை மாற்றும் இணைப்பு ஒன்றும் வேண்டும். ஏற்கும் நிலையில் குழலோ டிரான்சிஸ்டரோ முற்றிலும் வெட்டு நிலையில் இருத்தல் நலம். இல்லையேல் அது வீணாக வெப்பமடைவதுடன், ஏற்பியில் இரைச்சலையும் உண்டாக்கும்.

பழைய குழல் பெருக்கிகள் பலவற்றில் மூன்று தொடுமுனைத் தொகுதிகள் கொண்ட ஒரே ரிலே இம்மூன்று வேலைகளையும் செய்தது. இவ்வமைப்பு எளியது, மலிவானது. ஆனால் மூன்றில் எது முதலில் மூடும் என்பதை வடிவமைப்பாளர் தீர்மானிப்பதில்லை. தகட்டின் வளைவும் தொடுமுனையின் தேய்மானமும் தீர்மானிக்கின்றன.

சூடான நிலைமாற்றம்

வானொலித் திறன் பாய்ந்துகொண்டிருக்கும்போதே தொடுமுனை திறப்பதையோ மூடுவதையோ சூடான நிலைமாற்றம் என்பர். மின்னோட்டம் இல்லாத வேளையில் நிகழ்வது குளிர்ந்த நிலைமாற்றம். பெருக்கிகளின் ரிலேக்கள் குளிர்ந்த நிலைமாற்றத்துக்கென்றே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மூடிய நிலையில் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதற்கும், எவ்வளவு மின்னோட்டத்தை அறுக்கவல்லது என்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

இதில் உள்ள அளவுகளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 ஓம் சுமையில் 1,500 வாட் திறன் செல்லும்போது மின்னோட்டம் ஏறத்தாழ 5.5 ஆம்பியர், மின்னழுத்தம் 274 வோல்ட், அதன் உச்சம் 387 வோல்ட். ஆண்டெனா சரியாகப் பொருந்தாமல் நிலையலை விகிதம் 3 ஆக இருந்தால், அதே திறனுக்குக் கம்பியின் சில இடங்களில் மின்னழுத்தம் 474 வோல்ட் வரையிலும், வேறு சில இடங்களில் மின்னோட்டம் 9.5 ஆம்பியர் வரையிலும் உயரும். ரிலே எந்த இடத்தில் அமைகிறது என்பது கம்பியின் நீளத்தைப் பொறுத்தது. அரை மில்லிமீட்டர் அளவே பிரிந்துள்ள தொடுமுனைகளுக்கு இடையே இத்தகைய நிலையில் வில் பொறி தோன்றி, உலோகம் உருகிக் குழிவிழும். உருகிய உலோகம் ஒட்டிக்கொண்டால் தொடுமுனை பற்றவைக்கப்பட்டது போலாகி, சுருளில் மின்னோட்டம் நின்ற பின்னும் திறக்காது.

பாதிப்பு ரிலேயோடு முடிவதில்லை. குழல் பெருக்கியில் ஆண்டெனா ரிலே மூடுமுன் உந்து திறன் வந்துவிட்டால், வெளியீட்டு ஒத்ததிர்வுச் சுற்று சுமையின்றி இயங்கும். சுமையில்லாச் சுற்றில் அதிர்வு அடங்க வழியில்லை. எனவே அதன் முனைகளில் மின்னழுத்தம் இயல்பைவிடப் பலமடங்கு ஏறி, மாறுமின்தேக்கியின் தகடுகளுக்கு இடையிலோ அலைப்பட்டை மாற்றியின் முனைகளிலோ பொறி பாயும். டிரான்சிஸ்டர் பெருக்கியில் இதன் விளைவு வேறுவகையானது. இன்று பரவலாகப் பயன்படும் 50 வோல்ட் எல்.டி.மாஸ் டிரான்சிஸ்டர்கள் கடுமையான பொருத்தமின்மையையும் தாங்கும்படி செய்யப்பட்டுள்ளன. எனினும் அத்தாங்குதிறன் குறித்த சோதனை நிலைமைகளுக்கு உரியது. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் கொடுக்கவேண்டிய விலையாக அதனைக் கருதலாகாது.

டிரான்சீவரின் பக்கமும் ஒன்று நிகழ்கிறது. உள்ளீட்டு ரிலேயின் தொடுமுனை ஒரு பக்கத்தை விட்டு மறுபக்கத்தை அடைவதற்குள் உள்ள சில மில்லிவினாடிகளில் டிரான்சீவர் திறந்த சுற்றையே காண்கிறது. அதன் தானியங்கிக் கட்டுப்பாடு இதற்கேற்பத் திறனை ஏற்றியிறக்க முயலும்போது, முதற்கணத்தில் நிர்ணயித்த அளவைவிடக் கூடுதலான திறன் துடிப்பு வெளிப்படுவதுண்டு.

கால அளவுகள்

ரிலேயின் சுருள் ஒரு மின்தூண்டியாதலால் அதில் மின்னோட்டம் உடனே ஏறுவதில்லை. போதிய மின்னோட்டம் ஏறிய பின்னரே தகடு நகரத் தொடங்கும். மறுமுனையைத் தொட்ட பின்னரும் சில முறை துள்ளி அடங்கும். திறந்த சட்ட வகைப் பெரிய ரிலேக்களில் இவையனைத்தும் முடிய 15 முதல் 25 மில்லிவினாடி ஆகலாம். வெற்றிட ரிலேக்களில் நகரும் பகுதி சிறியது. வெற்றிடம் மின்காப்புக்கு உதவுவதால் இடைவெளியும் குறுகியது. ஆதலால் அவை சில மில்லிவினாடிகளில் இயங்கிவிடும்.

சுருளுக்குக் குறித்த அளவைவிடக் கூடிய மின்னழுத்தத்தைத் தொடக்கத்தில் மட்டும் கொடுத்து, பிறகு மின்தடை வழியாகக் குறைத்துக்கொண்டால் ரிலே விரைந்து இயங்கும். விடுபடும் பக்கத்தில்தான் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு சிக்கல் உள்ளது. சுருளின் எதிர் மின்னியக்கு விசையிலிருந்து கட்டுப்பாட்டு டிரான்சிஸ்டரைக் காக்கச் சுருளுக்குக் குறுக்கே டயோடு இணைப்பது வழக்கம். அந்த டயோடு வழியாகச் சுருளின் மின்னோட்டம் சுற்றிச் சுற்றி மெல்ல அடங்குவதால், ரிலே விடுபடும் நேரம் இரண்டு மூன்று மடங்குவரை நீண்டுவிடக்கூடும். டயோடுடன் ஒரு சீனர் டயோடைத் தொடரில் சேர்த்தால் மின்னோட்டம் விரைவில் வீழ்ந்து, காப்பும் நிலைக்கும்.

மோர்சுக் குறிகளை அனுப்புவோருக்கு இக்கால அளவுகள் காதில் கேட்கும். மோர்சில் ஒரு புள்ளியின் நீளத்தை வினாடியில் காண, 1.2-ஐ நிமிடத்துக்கான சொற்களின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். நிமிடத்துக்கு 20 சொற்கள் என்றால் புள்ளிக்கு 60 மில்லிவினாடி; 40 சொற்கள் என்றால் 30 மில்லிவினாடி. 15 மில்லிவினாடி தாமதமுள்ள ரிலே முதற்புள்ளியில் கால் பங்கையோ அரைப் பங்கையோ விழுங்கிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையே எதிர்நிலையத்தைக் கேட்க விரும்பும் கியூ.எஸ்.கே. முறையில் இது ஒவ்வொரு குறிக்கும் நிகழும். அதனால்தான் அம்முறைக்கு வெற்றிட ரிலேயோ மின்னணு நிலைமாற்றியோ தேவைப்படுகிறது.

இயக்க வரிசை

பரப்பத் தொடங்கும்போது பின்பற்றவேண்டிய வரிசை பின்வருமாறு: பேசும் பொத்தான் அழுத்தப்பட்டவுடன் முதலில் ஏற்பியின் முன்பெருக்கி துண்டிக்கப்பட்டுக் காப்பு நிலைக்குச் செல்லும். அடுத்து ஆண்டெனா ரிலேயும், அது நிலைத்த பின் உள்ளீட்டு ரிலேயும் இயங்கும். பிறகு சார்பு மின்னழுத்தம் இயங்கு நிலைக்கு மாறும். கடைசியாகத்தான் டிரான்சீவரிலிருந்து உந்து திறன் வெளிவரவேண்டும். பரப்புவதை நிறுத்தும்போது இவ்வரிசை அப்படியே தலைகீழாகும்: முதலில் வந்தது கடைசியில் போகும்.

இப்பணியைச் செய்யும் சுற்றுக்கு வரிசையாக்கி என்று பெயர். எளிய வரிசையாக்கியில் ஒரு மின்தேக்கி மின்தடை வழியாக மின்னேற்றம் பெறும். அதன் மின்னழுத்தம் ஏற ஏற நான்கு ஒப்பீட்டுச் சுற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கும். மின்தேக்கி மின்னிறக்கம் பெறும்போது அவை தாமாகவே எதிர்வரிசையில் விடுபடும். ஒரே மின்தேக்கி இரு வரிசைகளையும் தந்துவிடுவது இச்சுற்றின் அழகு. நுண்கட்டுப்படுத்தி கொண்ட இன்றைய வடிவங்களில் காலங்களைத் தனித்தனியே அமைத்துக்கொள்ளலாம்.

அண்மைக்கால டிரான்சீவர்கள் சிலவற்றில், ஆணை வெளிவந்த பின் 10 முதல் 30 மில்லிவினாடி வரை காத்திருந்து திறனை வெளியிடும் தாமத அமைப்பு உள்ளது. ஐகாம் ஐ.சி.-7300 இதற்கு எடுத்துக்காட்டு. இது பயனுள்ளதே. ஆயினும் தாமதம் என்பது ஊகம் மட்டுமே: ரிலே இதற்குள் இயங்கியிருக்கும் என்ற ஊகம். குளிரில் இறுகிய, தூசி படிந்த, அல்லது மின்னழுத்தம் குறைந்த ரிலே அந்த ஊகத்தைப் பொய்யாக்கலாம்.

விசைக்கம்பி

டிரான்சீவரிலிருந்து பெருக்கிக்கு ஆணையைக் கொண்டுசெல்லும் இணைப்பு விசைக்கம்பி எனப்படும். பெரும்பாலும் பெருக்கியின் பக்கம் ஒரு மின்னழுத்தம் இருக்கும். டிரான்சீவர் அதனைத் தரையோடு இணைத்தால் ரிலே இயங்கும். பழைய கருவிகளில் தரையிணைப்பைச் செய்தது மற்றொரு ரிலே. அதற்கு நூறு வோல்ட்டும் பொருட்டல்ல. இன்றைய டிரான்சீவர்களில் அவ்வேலையைச் சிறிய டிரான்சிஸ்டரே செய்கிறது.

அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம் 1970களில் பரவலாக விற்ற எஸ்.பி.-220 பெருக்கியின் விசைக்கம்பியில் திறந்த நிலையில் 100 வோல்ட்டுக்கும் மேற்பட்ட நேர்மின்னழுத்தம் இருக்கும். அதனைப் புதிய டிரான்சீவருடன் நேரடியாக இணைத்தால் டிரான்சீவரின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் பழுதாகிவிடும். இதனைத் தவிர்க்க, இடையில் ஒளியிணைப்பி அல்லது உயர் மின்னழுத்த டிரான்சிஸ்டர் கொண்ட இடைமுகம் சேர்க்கப்படுகிறது. பழைய பெருக்கியொன்றை வாங்குவோர் முதலில் அளக்கவேண்டியது அதன் வெளியீட்டுத் திறனையன்று, விசைக்கம்பியின் மின்னழுத்தத்தையே. அதன் முனைவும் நேர்மின்னா எதிர்மின்னா என்பது கருவிக்குக் கருவி மாறுபடும்.

நிலைக்குறிப்பு முறைகள்

மேசைமேல் உள்ள பெருக்கியில் ரிலேயின் சொடுக்கு ஓசையே முதல் நிலைக்குறிப்பு. அனுபவமுள்ள இயக்குபவர் அவ்வோசையில் மாற்றத்தைக் கேட்டே பழுதை ஊகிப்பார். ஆண்டெனா கோபுரத்தின் உச்சியில் மழைக்காப்புப் பெட்டிக்குள் உள்ள ரிலேக்கு இவ்வசதி கிடையாது.

முகப்பில் ஒளிரும் சிவப்பு விளக்கு பெரும்பாலும் சுருளுக்குக் குறுக்கே இணைக்கப்பட்டிருக்கும். அது சுருளுக்கு மின்னழுத்தம் வந்துள்ளது என்பதை மட்டுமே கூறும். சுருள் அறுந்திருந்தாலும் விளக்கு எரியும். தொடுமுனை ஒட்டிக்கொண்டிருந்தாலும் விளக்கு அணையும். சுருளின் வழியே செல்லும் மின்னோட்டத்தை அளந்தால் சுருள் அறுந்திருப்பதை அறியலாம். சற்று நுட்பமாகப் பார்த்தால் தகடு நகர்ந்ததையும் அறியலாம்: தகடு நெருங்கும்போது சுருளின் தூண்டல் மாறுவதால், ஏறிவரும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பள்ளம் தோன்றும். அப்பள்ளம் இல்லையெனில் தகடு நகரவில்லை.

இதனினும் நம்பகமானது துணைத் தொடுமுனை. கோஆக்சியல் ரிலேக்கள் பலவற்றில் திறன் செல்லும் தொடுமுனையுடன் சேர்ந்து நகரும் சிறிய தொடுமுனை ஒன்று நிலைகாட்டுவதற்கென்றே அமைந்திருக்கும். வரிசையாக்கி அதன் மூடலைக் கண்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்லும். இவ்வாறு செய்தால் ஊகித்த தாமதம் தேவையில்லை. விரைவான ரிலேக்கு விரைவாகவும் மெதுவான ரிலேக்கு மெதுவாகவும் சங்கிலி தானே நகரும்.

ஆனால் சாதாரண ரிலேயில் துணைத் தொடுமுனை நகர்ந்தது என்பதால் முதன்மைத் தொடுமுனையும் நகர்ந்தது என்று முடிவு செய்ய இயலாது. ஒன்று ஒட்டிக்கொள்ள மற்றொன்று வளைந்துகொடுத்து இயங்கலாம். இதற்காகவே தொழிற்சாலைப் பாதுகாப்புச் சுற்றுகளில் கட்டாய வழிநடத்து தொடுமுனைகள் கொண்ட ரிலேக்கள் உள்ளன. முன்பு இ.என். 50205 என்ற ஐரோப்பியத் தரத்திலும், தற்போது ஐ.இ.சி. 61810-3 தரத்திலும் இவை வரையறுக்கப்பட்டுள்ளன. இவற்றில் ஒரு தொடுமுனை ஒட்டிக்கொண்டால் எதிர்நிலைத் தொடுமுனை மூடவே முடியாது. ஆயினும் இவை வானொலி அதிர்வெண்ணுக்கென உருவாக்கப்பட்டவையல்ல. பெருக்கிகளில் அவற்றின் கோட்பாட்டைக் கடன் வாங்கலாம், ரிலேயை அப்படியே வாங்கிப் பொருத்தமுடியாது.

மற்றொரு வழி, தொடுமுனையையே கேட்பது. திறன் தொடுமுனை வழியாகச் சில மில்லிஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி, அது மறுமுனையில் வருகிறதா எனப் பார்க்கலாம். வானொலிச் சமிக்ஞையிலிருந்து அதனைப் பிரிக்க அடைப்புச் சுருள்களும் மின்தேக்கிகளும் வேண்டும். இம்முறைக்கு வேறொரு நன்மையும் உண்டு. ஏற்கும் பாதையிலுள்ள தொடுமுனை மைக்ரோவோல்ட் அளவுச் சமிக்ஞைகளையே சுமப்பதால், அதன்மேல் படியும் ஆக்சைடு படலத்தை உடைக்கப் போதிய மின்னோட்டம் அதில் இருப்பதில்லை. பழைய பெருக்கிகளில் ஏற்பியின் ஒலி திடீரெனக் குன்றி, பெட்டியைத் தட்டினால் மீள்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். சிறு நேர்மின்னோட்டம் அப்படலம் நிலைபெறாமல் காக்கும்.

சான்றை டிரான்சீவர் வரை கொண்டுசெல்வது இதன் நிறைவான வடிவம். அமெரிக்காவின் டென்-டெக் நிறுவனம் தன் டிரான்சீவர்களிலும் பெருக்கிகளிலும் இரு கம்பிகளைப் பயன்படுத்தியது. ஒன்றின் வழியாக டிரான்சீவர் பெருக்கிக்கு ஆணையிடும். பெருக்கியின் ரிலேக்கள் இயங்கிய பின் மற்றொன்றின் வழியாக இசைவு திரும்பி வரும். இசைவு வரும்வரை டிரான்சீவர் திறனை வெளியிடாது. பிளக்ஸ்ரேடியோ நிறுவனத்தின் 6000 வரிசைக் கருவிகளிலும் இதற்கொத்த பூட்டு உள்ளீடுகள் உள்ளன. இசைவுக்கம்பி இல்லாத டிரான்சீவர்களில், பரப்புவதைத் தடுக்கும் தடை உள்ளீடு ஒன்று இருந்தால் அதனை இதே வேலைக்குப் பயன்படுத்தலாம்.

பிழை நேரும்போது

ஆணையும் சான்றும் முரண்படும்போது பெருக்கி என்ன செய்யவேண்டும் என்பது வடிவமைப்பில் கடினமான பகுதி. உடனே ஆண்டெனா ரிலேயை விடுவிப்பது இயல்பான எண்ணம்; அதுவே தவறும்கூட. அக்கணத்தில் முழுத்திறனும் தொடுமுனையில் பாய்ந்துகொண்டிருந்தால், காப்புச் செயலே சூடான நிலைமாற்றத்தை உண்டாக்கிவிடும்.

சரியான வரிசை இது: முதலில் சார்பு மின்னழுத்தத்தை வெட்டு நிலைக்குக் கொண்டுவருதல். மின்னணு முறையில் இதனைச் சில மைக்ரோவினாடிகளில் செய்யலாம். அதே கணத்தில் டிரான்சீவரின் தடை உள்ளீட்டை இயக்கி உந்து திறனை நிறுத்துதல். உள்ளீட்டிலுள்ள திறன் உணரி சுழியைக் காட்டிய பின்னரே ரிலேக்களை விடுவித்தல். தொடுமுனை ஒட்டிக்கொண்டதாகத் துணைத் தொடுமுனை காட்டினால், பெருக்கி பூட்டிய நிலையிலேயே நின்று இயக்குபவரின் தலையீட்டுக்குக் காத்திருக்கவேண்டும். தானாக மீண்டும் முயலக்கூடாது.

ஏற்பிப் பக்கத்தில் இதன் தேவை இன்னும் கூர்மையானது. நிலவில் எதிரொலிக்கச் செய்து தொடர்புகொள்ளும் நிலையங்களில், ஆண்டெனாவுக்கு அருகிலேயே நுண்ணிய முன்பெருக்கி வைக்கப்படும். 1,500 வாட் பரப்பும்போது ரிலேயின் மின்பிரிப்பு 50 டெசிபெல் என்றால், மூடாத பக்கத்திலும் 15 மில்லிவாட் கசியும். 60 டெசிபெல் என்றால் 1.5 மில்லிவாட். முதலாவது அளவு பல முன்பெருக்கிகளுக்கு ஆபத்தானது. ஆகவே இரண்டாவது ரிலே ஒன்றைச் சேர்த்து, பரப்பும்போது முன்பெருக்கியின் உள்ளீட்டை 50 ஓம் மின்தடையோடு இணைப்பர். மின்சாரம் தடைப்படும் வேளையில் இந்த ரிலேக்கள் எந்த நிலைக்குத் திரும்பும் என்பதும் முக்கியமானது. விசையற்ற நிலையில் முன்பெருக்கி ஆண்டெனாவிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்குமாறு அமைத்தால், கம்பி அறுந்தாலும் இழப்பு ஏற்படாது. மின்னோட்டம் நின்ற பின்னும் கடைசி நிலையிலேயே நிற்கும் தாழ்ப்பாள் வகை ரிலேக்களுக்கு இக்குணம் இல்லை. அவற்றை நிலைக்குறிப்பு இன்றிப் பயன்படுத்துவது சரியன்று.

ரிலே அல்லாத நிலைமாற்றிகள்

பின் டயோடுகளைக் கொண்டு நகரும் பகுதி எதுவுமின்றி நிலைமாற்றலாம். ஆல்ஃபா 87ஏ என்னும் குழல் பெருக்கி இம்முறையைக் கையாண்டது. முன்சார்பு மின்னோட்டம் செல்லும்போது டயோடு மூடிய நிலைமாற்றி போலவும், எதிர்ச்சார்பில் திறந்தது போலவும் செயல்படும். ஆனால் திறந்த பக்கத்து டயோடு, பாயும் திறனின் உச்ச மின்னழுத்தத்துக்கு ஈடுகொடுக்கவேண்டும். 1,500 வாட் பெருக்கியில் இதற்குப் பல நூறு வோல்ட் எதிர்ச்சார்பு தேவைப்படும். அது ஒரு கணம் தவறினாலும் டயோடு எரிந்துவிடும். நிலைக்குறிப்பைப் பொறுத்தவரை ரிலேயைவிட இது எளிது: சார்பு மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் நேரடியாக அளந்தே டயோடின் நிலையை அறியலாம். காந்த ஒத்ததிர்வுப் படமாக்கல் கருவிகளிலும் பின் டயோடுகளே பரப்பல்-ஏற்றல் நிலைமாற்றிகளாக உள்ளன. அவற்றின் திறன் பெருக்கிகளுக்கு, துடிப்பு இல்லாத வேளையில் பெருக்கியை அடக்கி வைக்கும் தனிச் சமிக்ஞை ஒன்றும் கொடுக்கப்படுகிறது.

ஒலிபரப்பு நிலையங்களில் பரப்பியை ஓர் ஆண்டெனாவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற மோட்டாரால் இயங்கும் பெரிய கோஆக்சியல் நிலைமாற்றிகள் பயன்படுகின்றன. இவற்றின் துணைத் தொடுமுனைகள் பரப்பியின் காப்புப் பூட்டுச் சுற்றோடு தொடரில் இணைக்கப்பட்டிருக்கும். நிலைமாற்றி இரு முனைகளுக்கும் இடையில் இருக்கும்வரை அச்சுற்று திறந்தே இருப்பதால் பரப்பி இயங்காது. அது முழுமையாக ஒரு முனையில் அமர்ந்த பின்னரே மீண்டும் இயக்க முடியும்.